வெளிச்சம் வருதே, தம்பி!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"அமெரிக்காவில் என்ன சாதிச்சே, அதைச் சொல்லு" என்றார் செயலாளர். சாதனை என்று பெரிசா ஒன்றுமில்லை. ஒரு பழைய காரைக் கட்டிப் பந்தயத்தில் ஓட்டிய கதை இருக்கிறது.

டெட்ராய்ட் பக்கம் வேலையில் இருந்தபோது, 2011-இல், ஒரு பெரியவரின் கொட்டகையிலிருந்து 1967 மாடல் போன்டியாக் ஜி.டி.ஓ. வாங்கினேன். அவர் போன்டியாக் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்தப் பெயரையே மூடியிருந்தார்கள். "ஓடும்போது சத்தம் கேட்க என்னைக் கூப்பிடு" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

ஜி.டி.ஓ. பிறந்த கதையே குறும்புத்தனமானது. நடுத்தர உடல்கொண்ட கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையின் விதி. ஜான் டிலோரியன் முதலான போன்டியாக் எஞ்சினியர்கள் 1964 மாடல் டெம்பஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினை 'விரும்பினால் வாங்கலாம்' என்று பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். என்னுடைய 1967 வண்டிக்கு 400. அதாவது ஆறரை லிட்டர். நாமெல்லாம் தள்ளிப் பழகிய அம்பாசிடர் 1489 சி.சி.!

மூன்று வருஷம் வார இறுதியெல்லாம் கராஜில்தான். வீட்டுக்காரி பேசுவதை விட்டுவிட்டாள். கடைசியில் கிராங்க் ஷாஃப்டில் ராடுகளைப் பூட்டும் வேலை. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே சுமார் இரண்டு 'தௌ' இடைவெளி வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அங்கேதான் எண்ணெய்ப் படலம் நிற்கும். மெழுகு நூல் போன்ற ஒன்றை வைத்து, மூடியை முறுக்கி, திரும்பக் கழற்றி, நசுங்கிய அகலத்தைப் பார்க்க வேண்டும். எட்டு ராடு. ஐந்து பார்த்தேன், எல்லாம் சரி. மணி இரவு ஒன்று. விடிந்தால் பந்தயம். மீதி மூன்றை அப்படியே பூட்டிவிட்டேன்.

நம் ஃபிட்டிங் ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் ஐயா, நாம் அராவிய துண்டை மூலைமட்டத்தோடு ஜன்னல் பக்கம் பிடித்து, "வெளிச்சம் வருதே, தம்பி" என்பாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்றிரவு எனக்கு ஞாபகம் வரவில்லை.

மிலான் ஊர் டிராக் திடல். கால் மைல், 1320 அடி. மஞ்சள் விளக்குகள் இறங்கி, பச்சை விழுந்ததும் கிளட்சை விட்டேன். முதல் ஓட்டம் பிரமாதம். இரண்டாவதில் மூன்றாம் கியரில் சுத்தியல் அடிப்பதுபோல் ஒரு சத்தம். ஏழாம் சிலிண்டர் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. 1967-இல் அந்தக் காரோடு வந்த பிளாக். இனி அது கிடையாது.

பெரியவர் மெதுவாக நடந்து வந்து, எண்ணெய் சொட்டுவதைப் பார்த்தார். "எல்லா ராடையும் அளந்தாயா?"

"அளந்தேன்" என்றேன். மெக்கானிக்கல் பட்டம் பெற்றவன், ஐம்பது வயசுக்காரன், பொய் சொன்னேன்.

ஒரு வருஷம் அவரைப் பார்க்கவே போகவில்லை. பிறகு ஒருநாள் அந்த உடைந்த ராடைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். "தெரியும். அன்றைக்குப் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாய்" என்றார். காபி கொடுத்தார். வேறொரு பிளாக் தேடிப் பிடித்தோம். எட்டு ராடுக்கும் பூதக்கண்ணாடி வைத்து அளவை உரக்கப் படித்தவர் அவர்தான்; எழுதிக்கொண்டவன் நான்.

2016-இல் மறுபடி மிலான். 14.6 விநாடி. பக்கத்துத் தடத்தில் ஓடிய மஸ்டாங் முந்திவிட்டது. எனக்கு வருத்தமில்லை. பெரியவர்தான் திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. போயும் போயும் ஃபோர்டு காரிடமா என்று.

படங்கள் கொண்டுவந்திருக்கிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு காட்டுகிறேன்.