ஊர்ச் சோறும் மலை ரொட்டியும்

நுவரெலியாவின் குளிரில் தோசை மாவு எளிதிற் புளிப்பதில்லை. திருச்சிராப்பள்ளியில் மாலையில் அரைத்து வைத்த மாவு, மறுநாட் காலையிற் பானையை நிறைத்துப் பொங்கி நிற்கும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள இம்மலையிலோ அரைத்தது அரைத்தபடியே கிடக்கும். அடுப்பங்கரையில் வைத்துச் சாக்கினாற் சுற்றி மூடினால்தான் ஒருவாறு புளிக்கும். தீபாவளிக்கு இந்தப் பாடு படலாம். விடியுமுன் எழுந்து பிள்ளைகளைக் கவனித்துப் பெரட்டுக்கு ஓடவேண்டிய பெண்ணொருத்தி நாள்தோறும் படுவது எங்ஙனம்?

தாயகத்துச் சமையலைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்களின் இடர்ப்பாடு இத்துடன் முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டதன் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்களுட் பெரும்பாலோர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் வறண்ட கிராமத்தவர். கேழ்வரகுக் களியும் கம்பங்கூழுமே அவர்களுடைய அன்றாட உணவு. நெல்லுச் சோறு நல்லநாளில் உண்பது. தோட்டத்திலோ அரிசியே அளந்து கொடுக்கப்பட்டது. ஊரில் அரிதாயிருந்த சோறு இங்கே அன்றாட உணவாயிற்று. ஆனால் அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பொங்கிய சோறு தோட்டத்துக் கணக்கிற் கடனாகவும் நின்றது.

பின்னர் வந்து சேர்ந்ததுதான் ரொட்டி. கோதுமை மாவுடன் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, நீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டிக் கல்லிற் சுடுவது. புளிக்க வைக்கவேண்டியதில்லை, துணியிற் சுற்றி மலைக்கும் எடுத்துச் செல்லலாம். சிங்களக் கிராமத்தவர் பொல் ரொட்டி என்பதும் இதனையே. கோதுமை இலங்கையில் விளைவதில்லை. தேங்காயோ குருநாகல் போன்ற தாழ்நிலத்திலிருந்து மலையேறி வருவது. சம்பலுக்கு இடும் மாசி மாலைதீவுச் சரக்கு. ஊரிலிருந்து வந்தது அம்மியில் மிளகாய் அரைக்கும் கை ஒன்றுதான். இதனை ஊர்ப் பக்குவம் என்று ஒப்பாதவர் உளர், ஒப்பாது போகட்டும். நான்கு தலைமுறைப் பிள்ளைகள் இதனை உண்டு வளர்ந்தனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் இந்த மாவும் கிடைக்காமற் போனபோது, தோட்டங்களிற் பட்டினியால் மாண்டவர்களும் உண்டு.

இம்மக்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. மலைநாட்டையன்றி வேறு ஊர் அறியாதவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு, தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுட் பலர் நீலகிரிக்குச் சென்றனர். அவர்களுக்கெனத் தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது.

இலங்கையில் இந்தியர் எனப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் எனப்பட்டனர். பாட்டனார் விட்டு வந்த களியையும் கூழையும் ஆக்கும் பக்குவம் அவர்களுட் பலருக்குக் கைவரவில்லை. ஹட்டனிலே லயத்து அடுப்பில் தாய் சுட்ட ரொட்டியையே கோத்தகிரியில் மகள் சுட்டாள். மாசி கிடைக்காத நாளில் தேங்காயையும் வெங்காயத்தையும் காய்ந்த மிளகாயையும் மாத்திரம் இடித்துச் சம்பல் செய்தாள். ஊர்ச் சாப்பாடு என்று அவள் பிள்ளைகளுக்குப் பரிமாறியது இதுவே.

கோத்தகிரியும் ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்திலேதான் இருக்கிறது. அங்கும் குளிர்நாளில் தோசை மாவு எளிதிற் புளிப்பதில்லை.