வெளிச்சம் முகத்தில் விழட்டும்



வைத்தியரான நான் கமராவைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் வகுப்புத் தோழி ஒருத்தி, ஊரில் தனித்திருக்கும் ஐயாவின் கால் புண்ணை அயலவரைக் கொண்டு படமெடுத்து எனக்கு அனுப்பினாள். அவருக்கு நீரிழிவு. காலுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம். படத்தில் வெறும் நிழல்தான். "ஜன்னல் படமெடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்" என்றேன். அடுத்த படத்தில் சின்னவிரல் கறுத்திருப்பது தெரிந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விரல் போனது, பாதம் தப்பியது.

ஆகவே, பெற்றோரைப் பிரிந்திருப்பவர்கள் இவற்றைச் சொல்லி வையுங்கள். பகல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடித்தால் கை ஆடாது. திரையில் புண் தெரியும் இடத்தைத் தொட்டால் படம் அங்கே தெளியும். சினிமாவில் காட்டுவதுபோல முதலில் தூரத்திலிருந்து முழுக் கால், பிறகு கிட்டப் புண். அளவு தெரியப் பக்கத்தில் ஓர் அடிமட்டம்.

இன்று குழுப்படம் எடுக்கப் போகிறோம். வயதான ஆசிரியர்களை வெயிலில் நிறுத்தாதீர்கள், கண் கூசும். விறாந்தை நிழலில், முற்றத்தைப் பார்த்தபடி இருத்துங்கள். ஒவ்வொரு முகமும் தெரியட்டும்.