தூம்புள்ள கொடி

ஏரிக்கரையில் நடந்து பழகியவர்கள் இந்தக் கொடியைப் பார்த்திருப்பீர்கள். கரைச் சேற்றில் வேர்விட்டு, தண்ணீர்மேல் இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குப் படர்ந்து கிடக்கும். அம்பு முனை போன்ற இலை. காலையில் புனல் வடிவில், வெள்ளையாகவோ இளம் ஊதாவாகவோ பூக்கும். வெயில் ஏறினால் வாடிவிடும். இதுதான் வள்ளை. சர்க்கரைவள்ளிக்குச் சொந்தக்காரக் கொடி.

தண்டைக் குறுக்கே ஒடித்துப் பாருங்கள். உள்ளே வெறும் குழல்! அந்தக் குழலுக்குள் காற்று அடைந்திருப்பதால்தான் கொடி மிதக்கிறது. மழையில் நீர் ஏறினால் தானும் ஏறும். கோடையில் நீர் வற்றினால் சேற்றில் படுத்து, கணுவுக்குக் கணு வேர் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் குழலைச் சங்கப் புலவர் ஒருவர் கவனித்திருக்கிறார். அகநானூற்றின் 46ஆம் பாட்டு, பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். ஊர் உறங்கும் நேரத்தில் ஓர் எருமை கயிற்றை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் விலக்கி, மீன்கள் சிதறியோட நீரில் இறங்குகிறது. வள்ளையைக் கலக்கிவிட்டுத் தாமரையை மேய்கிறது. அந்த வள்ளைக்கு அவர் கொடுத்த அடைமொழியில் 'தூம்பு' என்ற சொல் வருகிறது. தூம்பு என்றால் உட்துளை. ஏரியிலிருந்து வயலுக்கு நீர் விடும் மதகுக்கும் அதே பெயர்தான்.

இலங்கையில் இது கங்குன்; அன்றாடச் சமையல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காங்கோங். பெலாச்சான் என்ற இறால் விழுதைச் சேர்த்து வதக்குவார்கள். நம்மூரில் வள்ளைக்கீரை என்று கேட்டால், கீரை விற்பவர்களிலேயே பலர் யோசிப்பார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வள்ளை, தான் நிற்கும் நீரில் உள்ளதையெல்லாம் உறிஞ்சும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் விடாது. சாக்கடை கலக்கும் குளத்திலும் அது பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். பார்த்து ஏமாறக் கூடாது. அலசினால் சேறு போகும். தண்டுக்குள் ஏறிய உலோகம் போகாது. நல்ல தண்ணீரில் வளர்ந்ததை மட்டும் பறித்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஏரியின் தூம்பில் என்ன வருகிறதோ, அதுதான் வள்ளையின் தூம்பிலும் ஏறும். நம் ஊர் ஏரிக் கீரையை நம்பிப் பறிக்க முடியுமா? அந்தக் கேள்விக்குப் பதில் கொடியிடம் இல்லை, நேயர்களே. ஏரிக்குள் எதை விடுகிறோம் என்பதில் இருக்கிறது.