ஊர் எழுத்து எங்கே போயிற்று?



சமீபத்தில் ஒரு பெயர் சூட்டு விழா அழைப்பிதழ் வந்தது. குழந்தையின் பெயர் ஆங்கிலத்தில் மட்டும்தான் அச்சாகியிருந்தது. வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் 'ஏ', போதாததற்கு இரண்டு 'எச்'. எப்படி வாசிப்பது என்று தாத்தாவைக் கேட்டேன். "நியூமராலஜி பார்த்து வச்சதுங்க சார். எங்களுக்கு வாயில வரல. வீட்டுல குட்டின்னுதான் கூப்பிடுறோம்" என்றார்.

நியூமராலஜிக்காரர்களைப் பற்றி இன்று பேச மாட்டேன். ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே போய்விடும். அழைப்பிதழில் என்னை உறுத்தியது வேறு. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துகூட இல்லை. பின்னால் அப்பாவின் பெயர், சர்நேம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊர் எங்கேயும் இல்லை.

நான் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் என்றால் அந்தக் காலத்தில் ஆங்கில வாத்தியார் தலையில்தான் விழும். பிள்ளையை எதிரில் நிறுத்தி, பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதவைத்து, இனிஷியலை விரித்துச் சொல்லச் சொல்வேன். ஒரு பையன் பெயருக்கு முன்னால் 'ஐ' என்று இருந்தது. "அப்பா பேரு இளங்கோவாடா?" என்றேன். "இல்ல சார், இலுப்பூர். தாத்தாதான் போடச் சொன்னாரு" என்றான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தத் தாத்தாவுக்குப் பெயர் வைக்கும் கலை தெரிந்திருந்தது.

பெயர் எழுதுவதில் நம்முடைய பழைய முறை என்ன? முதல் எழுத்து ஊர். இரண்டாம் எழுத்து பெற்றவர். அதற்குப் பிறகு ஆள். திரும்பவும் சொல்கிறேன்: முதலில் ஊர், அடுத்து பெற்றவர், கடைசியில் ஆள். இந்த வரிசையை ஆங்கில எழுத்தில் அடக்கி எழுதியதுதான் அந்த இரண்டு இனிஷியல். இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம் நம்ம ஊர்க்காரர்தான்.

பி.யு.சின்னப்பா.

'பி' என்றால் புதுக்கோட்டை. 'யு' என்றால் உலகநாத பிள்ளை, அப்பா. 1916-இல் இங்கே பிறந்தவர். சின்ன வயதிலேயே பாய்ஸ் கம்பெனி நாடகத்துக்குப் போனார். பாய்ஸ் கம்பெனியில் எத்தனை சின்னப்பா, எத்தனை ராமசாமி! ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரித்துச் சொல்ல ஊரும் அப்பாவும் வேண்டியிருந்தது. நோட்டீஸ் அடிப்பவன் முழுசாக அச்சடித்தால் காகிதம் போதாது, அதனால் இரண்டு எழுத்து. அந்த இரண்டு எழுத்தும் அவரோடு சினிமாவுக்குப் போயின. 1940-இல் 'உத்தம புத்திரன்', இரட்டை வேடம். 1942-இல் 'கண்ணகி', கண்ணாம்பாவோடு கோவலன். 1944-இல் 'ஜகதலப்பிரதாபன்'. அதில் ஒரு காட்சி உண்டு. பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா. ஒரே மேடையில் ஐந்து சின்னப்பா. கணினி இல்லாத காலத்துத் தந்திரக் காட்சி. கிடைத்தால் இன்றைக்கும் பாருங்கள், அந்தக் கொன்னக்கோல்காரச் சின்னப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாலே போதும்.

எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் நிறுத்தி நிறுத்திச் சொன்னதில்லை. 'பீயூச்சின்னப்பா' என்று ஒரே மூச்சில்தான். என் அம்மா பி, யு இரண்டும் ஆங்கில எழுத்து என்றே அறியாதவர். ஆனால் அவர் புதுக்கோட்டை ஆள் என்பது அம்மாவுக்குத் தெரியும், அந்தப் 'பீ' ஊர்தான் என்பதும் தெரியும். சம்பாதித்த பணத்தில் வீடு வீடாக வாங்கினாராம், இனிமேல் வாங்கக்கூடாது என்று சமஸ்தானமே தடுத்ததாம் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும். 1951-இல் முப்பத்தைந்து வயதில் போய்விட்டார். ஊர் எழுத்து மட்டும் இன்னும் அவர் பெயருக்கு முன்னால் நிற்கிறது.

அவர் காலத்து மற்றவர்களையும் விரித்துப் பாருங்கள். எம்.கே.தியாகராஜ பாகவதர், மாயவரம் கிருஷ்ணமூர்த்தி. எஸ்.ஜி.கிட்டப்பா, செங்கோட்டை கங்காதரன். எம்.ஜி.ராமச்சந்திரனில் முதல் எழுத்து மருதூர். இதில் இன்னும் ஓர் அழகு. கே.பி.சுந்தராம்பாளில் 'கே' கொடுமுடி, 'பி' பாலாம்பாள், அவருடைய அம்மா. எம்.எஸ்.சுப்புலட்சுமியில் 'எம்' மதுரை, 'எஸ்' சண்முகவடிவு, அவருக்கும் அம்மாதான். அம்மா பெயரை இனிஷியலாகப் போடலாமா என்று இன்றைக்கும் அலுவலகங்களில் முகம் சுளிக்கிறார்கள். எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இசைத்தட்டிலேயே போட்டாயிற்று ஐயா!

இசைக்காரர்களில் சிலர் ஊரைச் சுருக்கக்கூட இல்லை. புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. மிருதங்கமும் கஞ்சிராவும் தெரிந்தவர்கள் இந்தப் பெயர்களை இன்றும் ஊரோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

ஆங்கிலம் இதில் செய்த குறும்பையும் சொல்ல வேண்டும். சி.என்.அண்ணாதுரை. அந்த 'சி' எது? காஞ்சிபுரம். காஞ்சிபுரத்துக்கு 'கே' அல்லவா வர வேண்டும்? வெள்ளைக்காரன் அதைக் கான்ஜீவரம் என்று 'சி' போட்டு எழுதினான், அது அண்ணாவின் பெயரில் அப்படியே தங்கிவிட்டது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டது. வேலூருக்கு வந்த புதிய எழுத்தைப் படித்தால் 'வீலூர்' என்று வந்தது. ஆளாளுக்குக் குறை சொன்னார்கள், சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். நமக்குள்ள ழகர ளகரத்தையும் குறில் நெடிலையும் இருபத்தாறு எழுத்துக்குள் திணிப்பது லேசான வேலை இல்லை. திருமெய்யம் பேச்சில் திருமயம் ஆயிற்று. அதை ஆங்கிலப் பலகையில் பார்த்துவிட்டுத் 'திருமாயம்' என்று படிக்கிற வெளியூர்க்காரர்களை நானே கேட்டிருக்கிறேன். மெய் போய் மாயம்!

அந்தத் திருமயத்தில் 1887-இல் பிறந்தவர்தான் தீரர் சத்தியமூர்த்தி. அவருக்கு ஊர் எழுத்து இல்லை, முன்னால் நிற்கும் 'எஸ்' அப்பாவுக்கு. ஆனால் அங்கே மலையைக் குடைந்த கோயிலில் இருக்கும் பெருமாளின் பெயரே சத்தியமூர்த்திதான். பெயருக்குள்ளேயே ஊர் இருக்கிறது. இப்படி வைப்பதானால் எழுத்தை விட்டுவிடலாம், நான் ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம்தான் இருக்கிறது. சின்னப்பா பிறந்த அதே 1916-இல் நம் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்கு ஒரு மகன் பிறந்தான், ஆஸ்திரேலியாவில். ராஜா அதற்கு முந்தைய ஆண்டுதான் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைத் திருமணம் செய்திருந்தார். பிள்ளைக்கு வைத்த பெயர் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். அவர் பெயரிலும் ஊர் உண்டு, ஆனால் அது சிட்னி! பிரிட்டிஷார் அந்த மகனை வாரிசாக ஏற்கவில்லை. 1928-இல் ராஜா இறந்ததும் பட்டம் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போயிற்று. அரண்மனைப் பிள்ளைக்கு வேற்றூர்ப் பெயர், நாடகக்காரர் பிள்ளைக்குப் புதுக்கோட்டை. எனக்கு இந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கப் பிடிக்கும்.

ஜெமினி கணேசனும் 1920-இல் இங்கே பிறந்தவர்தான். அவருக்கு முன்னால் நின்றது வேலை பார்த்த ஸ்டூடியோ. இதில் எனக்கு வருத்தம் உண்டு, சொல்லி என்ன செய்ய.

"இனிஷியல் எல்லாம் பழைய காலம் சார், பாஸ்போர்ட்டில் சர்நேம் கேட்கிறான்" என்பார்கள். கேட்கட்டும். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு அமெரிக்கா போன என் மாணவனை ஆபீஸில் 'மிஸ்டர் கருப்பையா' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். "அப்பாவை யாரோ தேடுற மாதிரியே இருக்கு சார்" என்றான். சர்நேம் கலாசாரம் நமக்கு எதைத் திரும்பக் கொண்டுவரும் என்பதையும் யோசிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் சாதி நின்ற காலம் ஒன்று இருந்தது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. வால் போன பிறகும் ஆளை அடையாளம் காட்டியது அந்த முன்னெழுத்துதான். வடக்கே போய்ப் பாருங்கள், பெயரின் பின்பாதியைக் கேட்டதும் சாதியைக் கணக்குப் போடுகிறார்கள். நம் 'பி'யையும் 'யு'வையும் வைத்து யாரும் எதையும் கணக்குப் போட முடியாது. ஊர் தெரியும், அவ்வளவுதான்.

2021-இல் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று அரசு ஆணை போட்டது. எனக்கு முழுச் சம்மதம். அதன்படி எழுதினால் நம் ஆள் பு.உ.சின்னப்பா. ஆனால் என் காதுக்கு அவர் என்றைக்கும் பி.யு.தான், இதில் நான் நியாயம் பேசப் போவதில்லை. தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆனால் அந்த ஊர் எழுத்தை விட்டுவிடாதீர்கள். இன்றைய பிள்ளைகளுக்கு ஒரே ஓர் எழுத்து, அதுவும் அப்பா. ஊர் எழுத்து எங்கே போயிற்று?

வீட்டில் பேரக் குழந்தை பிறந்திருந்தால் ஒன்று செய்யுங்கள். பிறப்பைப் பதிவு செய்த பிறகு, பன்னிரண்டு மாதம் வரை சான்றிதழில் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அவகாசம் இருக்கிறது. நியூமராலஜிக்காரரிடம் போகுமுன் அறந்தாங்கிக்கு ஒரு 'அ', கீரனூருக்கு ஒரு 'கீ', விராலிமலைக்கு ஒரு 'வி', பக்கத்தில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஓர் எழுத்து என்று காகிதத்தில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிடித்திருந்தால் அதையே பதியச் சொல்லுங்கள்.