சொந்தத்துல கல்யாணமும் மறைஞ்சிருக்கிற மரபணுவும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

கடன், வட்டி, வங்கி இணைப்பு பத்திப் பேச இங்கே நிறையப் பேர் இருக்காங்க. நான் கிராம சுகாதார செவிலியரா இருந்தவள். அதனால பிள்ளைங்க சம்பந்தமா ஒரு விஷயம் பேசுறேன். நம்ம குழுக் கடன்ல ஒரு பங்கு கல்யாணத்துக்குத்தான் போகுது. அதுல சொந்தத்துல முடிக்கிறது எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல கல்யாணமான பெண்கள்ல 100க்கு 28 பேர் சொந்தத்துல கட்டிக்கிட்டவங்க. இந்தியா முழுக்க எடுத்தா 11 பேர்தான்.

நான் பார்த்த ஒரு வீட்டுல அக்கா மகளையே கட்டியிருந்தாங்க. முதல் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேக்கல. "வயித்துப் பிள்ளையோட உப்புத்தண்ணியில நின்னா, கிரகணத்துல வெளிய போனா" என்று எல்லாப் பழியும் அந்தப் பொண்ணு தலையில. அவளும் அதை நம்பிட்டா. உப்புத்தண்ணியில நின்னா கால் புண்ணாகும். பிள்ளைக்குக் காது போகாது. கிரகணத்துக்கும் காதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

பின்ன எப்படி வந்தது? பாலும் டிகாஷனும் கலக்குற மாதிரி அம்மா குணமும் அப்பா குணமும் பிள்ளைகிட்ட கலந்துடும்னுதான் ரொம்ப காலம் நினைச்சாங்க. அப்படி இல்லைன்னு காட்டினவர் மெண்டல் என்ற பாதிரியார். இன்னிக்குச் செக் நாட்டுல இருக்கிற பெர்னோ ஊர் மடத்துத் தோட்டத்துல, 1856ல இருந்து வருஷக்கணக்கா பட்டாணிச் செடி வளர்த்துப் பார்த்தார். உயரச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தா, பிறந்தது எல்லாமே உயரம். நடுத்தர உயரம்னு ஒண்ணுகூட இல்ல. அந்த உயரச் செடிகளோட விதையைப் போட்டப்போ 787 உயரம், 277 குட்டை. அதாவது ஏறக்குறைய நாலுல ஒண்ணு குட்டை. குட்டைக் குணம் அழியல. ஒரு தலைமுறை மறைஞ்சிருந்து முழுசாத் திரும்பி வந்தது. தண்ணியில உப்பு கண்ணுக்குத் தெரியாது, பாத்தியில காய்ஞ்சா தெரியுதே, அது மாதிரின்னு வெச்சுக்குங்க. 1866ல அவர் இதை அச்சுல வெளியிட்டும் 1900 வரைக்கும் பெரிசா யாரும் கண்டுக்கல.

அந்தக் குணத்தைச் சுமக்கிறதைத்தான் மரபணு, ஜீன்னு சொல்றோம். பெரும்பாலும் ஒவ்வொண்ணும் நம்ம உடம்புல ரெண்டு ரெண்டா இருக்கும், அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. காது கேக்குறதுக்கு உதவுற ஒரு மரபணுவுக்கு ஜி.ஜே.பி.2 என்று பேர். அதுல ஒண்ணு பழுதா இருந்து இன்னொண்ணு நல்லா இருந்தா, அந்த ஆளுக்குக் காது நல்லாவே கேக்கும். பழுது இருக்கிறதே அவருக்குத் தெரியாது. அந்த மாதிரி ரெண்டு பேர் கல்யாணம் செஞ்சு, பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் பழுதே வந்து சேர்ந்தாத்தான் காது கேக்காது. அதுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. அம்மா பாதி, அப்பா பாதி. அப்ப பழி மட்டும் ஏன் ஒருத்தி தலையில?

இன்னொண்ணையும் கவனிங்க. "மூத்ததுக்கு வந்துடுச்சு, இனி மூணுக்கு வராது" என்று அந்த வீட்டுல சொன்னாங்க. தப்பு. தாயம் உருட்டுற மாதிரி ஒவ்வொரு பிரசவமும் புது உருட்டல். முன்னால விழுந்தது கணக்குல வராது.

சொந்தத்துல ஏன் கூடுதல்? மறைஞ்ச பழுது ஒண்ணு ரெண்டு எல்லார்கிட்டயும் இருக்கும். அந்நியத்துல கட்டினா ரெண்டு பேருக்கும் அதே பழுது இருக்கிறது அபூர்வம். சொந்தம்னா ஒரே தாத்தா பாட்டிகிட்ட இருந்து ரெண்டு பக்கமும் வந்திருக்கலாம். அக்காவுக்கும் தம்பிக்கும் மரபணுவுல சராசரியா பாதி பொது. அதுல பாதி அக்கா மகளுக்குப் போகுது. ஆக தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் கால் பங்கு பொது. அத்தை மகன், மாமன் மகளுக்கு அரைக்கால். சித்தி மகன் அண்ணன் முறை, கட்டக் கூடாதுங்கிறோம். மாமன் மகன் உரிமைக்காரன்ங்கிறோம். மரபணுக் கணக்குல ரெண்டு பேரும் அதே அரைக்கால்தான். முறை நாம வெச்சது.

இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். சொந்தமில்லாத ஜோடிகளுக்கே 100 குழந்தையில ஏறக்குறைய 2, 3 குழந்தைக்குப் பிறவிக் குறை வருது. அத்தை மகன், மாமன் மகள் கட்டினா அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு. தாய்மாமன்னா இன்னும் கூட. அப்படியும் பெரும்பாலான குழந்தைங்க நல்லாத்தான் பிறக்குறாங்க. காது கேக்காததெல்லாம் மரபணுவால வர்றதும் இல்ல; கர்ப்பத்துல வர்ற ருபெல்லா அம்மை, குறைமாசப் பிரசவம், கடுமையான மஞ்சள்காமாலை எல்லாமும் காரணம். பொம்பளப் புள்ளையா பொறந்தா மருமகளைத் திட்டுறவங்களுக்கும் ஒரு வார்த்தை: ஆணா பொண்ணான்னு முடிவாகுறது அப்பாகிட்ட இருந்து வர்ற குரோமோசோமால.

போன மாசம் ஒரு குழுக் கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "என் பொண்ணுக்குத் தம்பியோட நிச்சயம் ஆயிடுச்சும்மா, இப்ப என்ன பண்றது?" பொண்ணுக்கு 18 வயசு முடிஞ்சுதா, அவளுக்குச் சம்மதமான்னு முதல்ல கேட்டேன். அப்புறம் சொன்னேன்: ரெண்டு குடும்பத்துலயும் காது கேக்காதவங்க, ரத்தக் குறைபாடு உள்ளவங்க, காரணம் தெரியாம செத்த பச்சைக் குழந்தைங்க உண்டான்னு பெரியவங்ககிட்ட மறைக்காம விசாரிங்க. இருந்தா, கல்யாணத்துக்கு முன்னாலயே டாக்டர்கிட்ட சொல்லி மரபணு ஆலோசனை கேளுங்க. நமக்குப் பக்கத்துல புதுச்சேரி ஜிப்மர் இருக்கு. குழந்தை பிறந்தா ஒரு மாசத்துக்குள்ள காதுச் சோதனை செய்யணும். சந்தேகம்னா மூணு மாசத்துக்குள்ள உறுதி பண்ணணும், ஆறு மாசத்துக்குள்ள கருவியோ பயிற்சியோ தொடங்கணும். காக்ளியர் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல கிடைக்குது, ஆனா குழந்தைக்கு 6 வயசு ஆகிறதுக்குள்ள போயிடணும்.

நான் சொன்ன அந்த வீட்டுக் குழந்தைக்கு அஞ்சு வயசுலதான் கொண்டு போனாங்க. கருவி வெச்சாச்சு. பேச்சு இன்னும் தெளிவா வரல, பயிற்சிக்கு அம்மாதான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போறா. அதுக்குப் போற நாள் கூலியும் போயிடுது. அந்தப் பஸ் செலவுக்கு அவ குழுவுல கடன் கேட்டிருக்கா. தீர்மானம் இன்னும் போடல.