நிறுத்தியவையும் நின்றவையும்



நினைவுச்சின்னங்கள் பற்றிப் பேசுங்கள், ஊரை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்றீர்கள். எஸ்தோனியாவின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் ஹாப்சாலுவை எடுத்துக்கொண்டேன். மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு முன்னே பின்னே. தலைநகர் தாலினிலிருந்து பேருந்தில் நூறு கிலோமீட்டர். பேருந்து என்று அழுத்திச் சொல்லக் காரணம், அந்த ஊருக்கு ரயில் கிடையாது. ஆனால் வருகிறவர்களை அவர்கள் முதலில் அழைத்துப்போவது ரயில் நிலையத்துக்குத்தான்.

1907இல் கட்டி முடித்த மரக் கட்டடம். கூரை விளிம்பெல்லாம் சரிகை பின்னியதுபோல மரவேலைப்பாடு. நடைமேடையின் மேல் 216 மீட்டர் நீளத்துக்குக் கூரை. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் நிற்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. இவ்வளவு சிறிய ஊருக்கு எதற்கு இத்தனை நீளம்? ரஷ்யப் பேரரசரின் குடும்பம் வண்டியிலிருந்து இறங்கும்போது தலையில் மழை படக் கூடாதாம். அவர்கள் தங்கி இளைப்பாறத் தனி மண்டபம் வேறு. 1995இல் பயணிகள் ரயில் நின்றது. 2004இல் தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்தார்கள். அந்தத் தடத்தில் இப்போது சைக்கிள் ஓடுகிறது. கட்டடம் ரயில்வே அருங்காட்சியகமாக நிற்கிறது. பக்கத்தில் பழைய எஞ்சின்கள், போக வழியில்லாமல்.

ரயில் நின்றது, நிலையம் நிற்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைதான். இன்றைய பேச்சுக்கு எனக்கு அந்த ஒரு வினை போதும். நாம் கொண்டுவந்து நிறுத்தும் சின்னங்கள் உண்டு. யாரும் நிறுத்தாமல் நின்றுவிட்டவையும் உண்டு.

நிறுத்தியவை கடற்கரை நடைபாதையில் இருக்கின்றன. 1867 கோடையில் இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கி இங்கே வந்து தங்கினார். வயது இருபத்தேழு, பெரிய பெயர் இன்னும் வரவில்லை. ஊரின் பெயரைத் தாங்கிய மூன்று பியானோத் துணுக்குகள் அந்தக் கோடையின் வரவு. 1940இல் அவருக்கு நினைவாகச் சிற்பி ரோமான் ஹாவமாகி செய்து வைத்தது கற்பெஞ்சு. நல்ல புத்தி! சிலை என்றால் அண்ணாந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டுவோம். பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் பார்த்த தண்ணீரையே நாமும் பார்க்கலாம்: ஆழமில்லாத, நாணல் மண்டிய, அடியில் சேறு படிந்த வளைகுடா. அதே சிற்பியின் வெண்கரடி ஒன்றும் அங்கே தண்ணீருக்குள் நிற்கிறது. ஏன் கரடி என்று கேட்காதீர்கள், குழந்தைகள் கேட்பதில்லை.

அந்தச் சேற்றைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மூட்டுவலிக்கு ஊர்க்காரர்கள் அதைப் பூசிக்கொள்வதைக் கவனித்த மருத்துவர் கார்ல் ஆபிரகாம் ஹுன்னியுஸ், 1825இல் சேற்றுக்குளியல் சிகிச்சை நிலையம் தொடங்கினார். அவருக்கும் நடைபாதையில் நினைவுச்சின்னம் உண்டு. சேற்றைத் தேடிப் பிரபுக்கள் வந்தார்கள். பிரபுக்களைத் தேடி ரயில் வந்தது. 216 மீட்டர் கூரைக்கு அஸ்திவாரம் அந்தச் சேறு.

நிறுத்திய சின்னம் எல்லாமே பெஞ்சைப்போலச் சாதுவாக இருந்துவிடுவதில்லை. தெற்கே, 2017 வரை அதே மாவட்டத்தில் இருந்த லிஹுலா என்று இன்னும் சிறிய ஊர். 2004 ஆகஸ்ட் 20 அன்று அங்கே இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சீருடையில் போரிட்ட எஸ்தோனியர்களுக்குக் கல் நாட்டினார்கள். தங்கள் நாட்டைச் சோவியத் படையிடமிருந்து காக்கப் போனவர்கள் என்றது ஊர். அந்தச் சீருடையைப் பார்த்து முகம் சுளித்தது வெளியுலகம். செப்டம்பர் 2 அன்று அரசு கிரேன் கொண்டுவந்து கல்லைத் தூக்கியது. கூட்டம் கல்லெறிந்தது. பதின்மூன்று நாள் ஆயுள். மூன்று ஆண்டு கழித்துத் தாலினில் சோவியத் போர்வீரன் சிலையை இடம் மாற்றியபோது கலவரத்தில் ஓர் உயிரே போனது. இரண்டு பேரரசுகளுக்கு நடுவில் நசுங்கிய நாட்டில், யாருடைய உடுப்பில் செத்தான் என்ற கேள்வி இன்னும் ஆறவில்லை. கல்லை எடுத்ததால் அது தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

ஹாப்சாலுவின் மிகப் பழைய சின்னத்தில் கல்லும் இல்லை, வெண்கலமும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆயர் கட்டிய கோட்டை, அதற்குள் பேராலயம். பெண்கள் நுழையக் கூடாத இடம். மதகுரு ஒருவர் தன் காதலிக்குப் பாடகச் சிறுவன் வேடம் போட்டு உள்ளே வைத்திருந்தார், பிடிபட்டதும் அவளை உயிரோடு சுவரில் வைத்துப் பூசிவிட்டார்கள் என்பது கதை. ஆகஸ்ட் பௌர்ணமி இரவில் ஞானஸ்நான மண்டபத்து ஜன்னலில் நிலவு வெண்ணிறமாக ஓர் உருவத்தை வரைகிறது. ‘வெள்ளைச் சீமாட்டி’ என்கிறார்கள். ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். தண்டித்த ஆயர்களில் ஒருவர் பெயரும் விழாவுக்கு வந்தவர்கள் வாயில் வரவில்லை.

நான் ஊர் திரும்பிய அன்று நல்ல மழை. தாலின் பேருந்து புறப்படுவது ரயில் நிலைய வளாகத்திலிருந்துதான். வண்டிக்கு இன்னும் கால் மணி நேரம். காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டி, பள்ளிப்பிள்ளைகள் நாலைந்து பேர், ஈர நாய் ஒன்று, நான் — எல்லோரும் பேரரசருக்காகப் போட்ட கூரைக்கடியில் ஒதுங்கினோம். 216 மீட்டர் கூரை, நின்றவர்கள் ஏழெட்டுப் பேர். நாய் உடம்பை உதறியதில் மட்டும் கொஞ்சம் நனைந்தோம்.