600 ரூபாயில் கொல்கத்தா: கடலை ஒட்டிப் பறக்கும் வாகனம்

இந்த எபிசோடை ஆம்பூர்ல இருந்து பேசுறேன். இங்க கடல் கிடையாது. பாலாறு இருக்கு, அதுலயும் பெரும்பாலும் மணல்தான். ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது கடல் மேல போற ஒரு வாகனத்தைப் பத்தி.

2025 பிப்ரவரி. சென்னை ஐஐடியில வளர்ற வாட்டர்ஃப்ளை டெக்னாலஜிஸ் என்கிற ஸ்டார்ட்அப், பெங்களூரு ஏரோ இந்தியா கண்காட்சியில ஒரு வடிவமைப்பை வெச்சிருந்தாங்க. சென்னையிலிருந்து கொல்கத்தா, சுமார் 1,600 கிலோமீட்டர், 3 மணி நேரம், சீட்டுக்கு 600 ரூபாய். இது அவங்க சொன்ன கணக்கு. ஆனந்த் மஹிந்திரா ட்வீட் போட்டதும் செய்தி பரவிடுச்சு. கொல்கத்தாவுக்கு ரயில்ல போகவே ஒரு நாளுக்கு மேல ஆகுது. ஆம்பூர் மாதிரியே அதுவும் தோல் ஊர். அதனால எனக்கும் ஆசை வந்துச்சு.

இது எப்படி வேலை செய்யுது? விமானம் பறக்கும்போது இறக்கைக்குக் கீழ அழுத்தம் அதிகம், மேல குறைவு. கீழ இருக்கிற காத்து இறக்கை நுனியைச் சுத்தி மேல ஏறி சுழலும். அந்தச் சுழல் உண்டாக்குற இழுவையைச் சமாளிக்கவே நிறைய சக்தி செலவாகும். தண்ணியை ஒட்டிப் பறந்தா, சுழல் முழுசா உருவாக இடம் இருக்காது. இறக்கையோட இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரைக்கும் 40 மீட்டர்னு வெச்சுக்கோங்க. 4 மீட்டர் உயரத்துல பறந்தா, அந்த இழுவை ஏறக்குறைய பாதியாயிடும். இதுதான் கிரவுண்ட் எஃபெக்ட். கூழைக்கடா சிறகடிக்காம தண்ணியை உரசுற மாதிரி வழுக்கிட்டுப் போகுமே, அதே சூட்சுமம்தான்.

இது புதுசு இல்ல. சோவியத் பொறியாளர் ரோஸ்டிஸ்லாவ் அலெக்சேயேவ் உருவாக்கிய 'காஸ்பியன் கடல் பூதம்' 1966-லயே பறந்துச்சு. 544 டன் வரை எடையோட கிளம்பும். 1980-ல விபத்துல சிக்கி மூழ்கிடுச்சு. அதுக்கப்புறம் வந்த 'லூன்' இப்போ தாகெஸ்தான்ல, டெர்பெண்ட் கடற்கரையில நிக்குது. பறக்கும்னு நிரூபிச்சு 60 வருஷம் ஆகப்போகுது. ஆனா பஸ் மாதிரி தினசரி ஓடுற அளவுக்கு எங்கயும் வரல.

ஏன்? ஒரு கணக்கு போடுவோம். மணிக்கு 500 கிலோமீட்டர்னா நொடிக்கு சுமார் 140 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்துல ஒரு படகு தெரிஞ்சா, உங்க கையில இருக்கிறது 7 நொடி. சட்டுனு சாஞ்சு திரும்பவும் முடியாது, இறக்கை நுனி தண்ணியில பட்டுடும். மேல ஏறிக் கடக்கலாமே? கடக்கலாம். சர்வதேச கடல்சார் அமைப்போட வகைப்பாட்டுல, தேவைப்பட்டா 150 மீட்டர் வரை கொஞ்ச நேரம் ஏறக்கூடிய ரகமும் உண்டு. ஆனா ஏறின உடனே மிச்சம் பிடிச்ச இழுவை திரும்ப வந்துடும். செலவும் ஏறும்.

வங்காள விரிகுடா காலியான கடல் இல்ல. காசிமேட்டுலிருந்து ஒடிசா வரைக்கும் படகும் வலையும்தான். புயல் காலத்து அலைக்கு 4 மீட்டர் பெரிய உயரமும் இல்ல.

இங்கதான் எங்க ஊர் கதை வருது. தோல் தொழில் எங்களுக்கு வேலை கொடுத்துச்சு, நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொடுத்துச்சு. ஆனா கழிவு பாலாத்துக்கும் கிணத்துக்கும் போச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. மாசுபடுத்தினவர்தான் செலவை ஏத்துக்கணும், ஆபத்து இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துறவருக்குத்தான், ரெண்டுமே நாட்டோட சட்டம்னு சொன்னாங்க. இன்னைக்கும் சட்டக் கல்லூரிகள்ல இந்த வழக்கைப் படிக்கிறாங்க. ஆனா தீர்ப்பு வரும்போது ஆறு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்துச்சு.

அதனால இந்த வாகனம் வேண்டாம்னு நான் சொல்லல. நம்ம பசங்க இதைச் செஞ்சு காட்டினா முதல் ஆளா டிக்கெட் எடுப்பேன். ஆனா அதுக்கு முன்னாடி வழித்தடம் எங்க, எந்த மாசம் ஓடாது, படகுக்காரருக்கு எப்படித் தெரியும், வலை அறுந்தா யார் காசு கொடுப்பாங்கன்னு சொல்லணும். மீனவர்கிட்ட போய் "ஆபத்துன்னு நிரூபிங்க"ன்னு கேக்கக் கூடாது. அந்த 600 ரூபாய்ல இந்தச் செலவும் சேர்ந்திருக்கான்னு நாமதான் இப்பவே கேக்கணும்.

நீங்க கடலோரத்துக்காரரா? உங்க பக்கத்து நிலவரத்தை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.